வாறன் என்று சொன்ன அக்கா

அக்காவை நான் முதலில் கண்டது மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் ஓடுகிற ஒரு பஸ்ஸில். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் இருபத்துநாலு. கார் பழுதாகிக் கராஜில் நின்றபடியால் அன்றைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகவேண்டி வந்தது. அந்தக் கடுப்பிலேயே இருந்தேன். எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் மணியை அடித்துவிட்டு எழும்பினார். கறுப்புக் குளிர்கோட்டு, அதற்குமேல் ஒரு கம்பளிச் சால்வை. பார்த்த உடனேயே எங்கள் ஆள் என்று தெரிந்தது. முன்கதவால் இறங்கும்போது சாரதியைப் பார்த்து, "மெர்சி, ஜ ரெவியன்" என்றார்.

பிரெஞ்சில் அப்படிச் சொன்னால் 'இந்தா, வந்துவிடுகிறேன்' என்று அர்த்தம். எதையோ எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே திரும்பப் போகிறவர் சொல்கிற சொல். சாரதி நல்ல மனிதன். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் காத்திருந்தான். குளிர் உள்ளே வந்து ஆளாளுக்குக் காதைக் கடித்தது. பின்னால் இருந்த கிழவர் ஒருவர், கியூபெக் வழக்கப்படி, தேவாலயத்துச் சாமான்கள் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லித் திட்டத் தொடங்கினார். அந்தப் பெண்ணோ திரும்பியும் பாராமல் பனிக்குள் கால் புதையப் புதையப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் எழும்பிப் போய், "அவர் வரமாட்டார், நீங்கள் எடுங்கள்" என்று சாரதிக்குச் சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"அது எங்கள் பாஷையில் விடைபெறுகிற முறை" என்றேன்.

தமிழன் வாசலைத் தாண்டும்போது 'போகிறேன்' என்று சொல்லமாட்டான். போய்விட்டு வருகிறேன் என்பான். யாழ்ப்பாணத்தில் அது 'போட்டு வாறன்'. மற்றவர்கள் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அக்கா அதைப் பிரெஞ்சுக்கும் கொண்டுபோனார். சென்ட் லோரன்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் இருபத்தைந்து வருடம் நின்றவருக்குப் பிரெஞ்சில் மொத்தம் நாலே நாலு வசனம்தான் கைவசம் இருந்தது. அவற்றில் இது ஒன்று. யாழ்ப்பாணத்து 'வாறன்' இந்த நிமிடத்துக்கும் செல்லும், பத்து வருடம் கழித்தும் செல்லும். பிரெஞ்சுக்காரனிடம் இரண்டுக்கும் வேறு வேறு சொல். அது அக்காவுக்குத் தெரியாது. அந்தச் சொல் முடிகிற விதமும் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

"ரெவியன், வாறன், போறன். எங்கட சொல்லு மாதிரியே கிடக்கு, என்ன தம்பி?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு. பிழையென்று நான் சொல்லவில்லை. பஸ் கதையை எத்தனையோ பிறந்தநாள் வீடுகளில் நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

அக்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. என் மனைவிக்கும் அவருக்கும் கோயிலில் பழக்கம் ஏற்பட்டு, போக்குவரத்தாகிவிட்டது. முதல்தடவை அவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்பும்போது மனைவி வாய்தவறி, "அப்ப நாங்கள் போறம் அக்கா" என்றுவிட்டாள்.

"இரும் பிள்ளை" என்றார் அக்கா. சப்பாத்துப் போட்ட காலோடு எங்களை உள்ளே கூப்பிட்டு, மறுபடி கதிரையில் இருத்தி, ஆளுக்கு ஒரு மிடறு தண்ணீர் தந்தார். "இப்ப எழும்பிச் சொல்லும்."

"போட்டு வாறம் அக்கா."

"ஓம். வாங்கோ."

நான் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன். சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையிலிருந்து லொறிகளை நேரத்துக்கு அனுப்புவது என் வேலை. ஐந்து நிமிடம் பிந்தினாலும் எனக்குப் பொறுக்காது. அக்காவோடு பழகிய காலம் முழுவதும் அந்த அவசரம் இருந்துகொண்டே இருந்தது.

ஆனால் அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. வாறன் என்று சொன்ன இடத்துக்கு வருவார். என் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வாறன் பிள்ளை" என்று சொல்லிப் போனார். அடுத்தநாள் விடியவே பனிப்புயல். ரயிலும் பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. நானே பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தேன். நான் போய்ச் சற்று நேரத்தில் அக்கா வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தது. ஐந்து நிமிடம் இருந்தார். மனைவியின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் புயலுக்க ஏனக்கா வந்தனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"சொன்னனான் தானே" என்றார். வேறொரு காரணமும் சொல்லவில்லை.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். செத்தவீடு. அங்கே யாரும் விடைபெறக் கூடாது, ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். இங்கே செத்தவீடுகள் பூக்களும் கம்பளமும் போட்ட மண்டபங்களில் நடக்கின்றன. வாசலில் கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நின்று, போகிற ஒவ்வொருவருக்கும் 'ஓ ரெவுவார்' சொல்வார். 'மறுபடி சந்திப்போம்' என்று அர்த்தம். அதை நான் ஒருமுறை அக்காவுக்கு விளங்கப்படுத்திவிட்டேன். அன்றிலிருந்து அந்த மனிதரைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. "செத்தவீட்டு வாசலில நிண்டுகொண்டு ஆரும் இப்பிடிச் சொல்லுவினமே?" என்று கார்ப் பார்க்கிங்வரை புறுபுறுத்துக்கொண்டு வருவார்.

பெருந்தொற்று வருவதற்கு முந்தின வருடம் நாங்கள் மொரோக்கோவுக்குச் சுற்றுலா போனோம். ஏழு பேர் கொண்ட சின்னக் குழு. நானும் மனைவியும், லவாலில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, சென்னையில் இருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் வேலை செய்கிற இரண்டு இளைஞர்கள், பிறகு அக்கா. அவர் அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்று பெட்டி மடித்தவர் ஒரு மொரோக்கோப் பெண்ணாம். "பதினெட்டு வருசம் தோளோட தோள் நிண்டவள். அவளின்ர ஊரை ஒருக்காப் பாக்கவேணும்" என்று அக்கா சொல்ல, மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"நீர் வாறீர் எண்டபடியாத்தான் நான் வாறன் தம்பி" என்று விமான நிலையத்தில் என்னிடம் சொன்னார். "அங்கயும் பிரெஞ்சுதானாம். உமக்குப் பாஷை தெரியும்."

பதின்மூன்று வயதில் அகதியாக வந்தவன் நான். இங்கத்தைச் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதனால் குழுவுக்கு நான்தான் வாய். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

பாலைவனம் என்றால் மணல்தான் என்று நினைத்திருந்தேன். முதல் இரண்டு நாளும் மணலே இல்லை. கருங்கல்லும் சரளையும்தான். வான் போகப் போக வெறுங்கட்டாந்தரை. "இதுக்கு எங்க ஓஎம்ஆர் ரோட்டுலயே இதைவிட மண்ணு ஜாஸ்திண்ணா" என்று சென்னைப் பையன் ஒருவன் அலுத்துக்கொண்டான். எங்கள் வழிகாட்டியும் சாரதியும் ஒருவரே. யூசுப் என்று பெயர். மெல்லிய பிரெஞ்சு, அதைவிட மெல்லிய சிரிப்பு. அக்கா இறங்குகிற இடமெல்லாம் 'ஜ ரெவியன்' சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு ஹோட்டலில் அவருடைய அறையை வேறு யாருக்கும் கொடுக்காமல் மத்தியானம்வரை வைத்திருந்தார்களாம். யூசுப் அதைச் சொல்லச் சொல்ல நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் மணற்காற்று அடிக்கத் தொடங்கியது. ஒரு கை தூரத்துக்கு மேல் பாதை தெரியவில்லை. யூசுப் வானை ஒரு சின்னக் கிராமத்துக்குள் திருப்பி, தனக்குத் தெரிந்த வீடொன்றின் முன் நிறுத்தினான். மண்சுவர் வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். நாடியில் நீலக் கோடொன்று பச்சை குத்தியிருந்தார். அவருக்குப் பிரெஞ்சு வராது. மகனுக்கு வரும். முப்பது வயது மட்டில் இருக்கும், நகரத்து ஹோட்டல் ஒன்றில் வேலை, லீவில் வந்திருந்தான். எங்களை உள்ளே இருத்தி, புதினா போட்ட தேநீரும் ரொட்டியும் தந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அக்காவைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் குசினியில் இருக்கிறார். அந்த அம்மா ஒரு பெரிய தட்டத்தில் கோதுமை ரவையைக் கொட்டி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உள்ளங்கையால் உருட்டிக்கொண்டிருந்தார். கூஸ்கூஸ். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து குடும்பமாக இருந்து சாப்பிடுவது அதுதானாம். அதற்கான ஆயத்தம். அடுப்பில் அடியில் தண்ணீர்ப் பானை, மேலே ஓட்டைப் பானை. ஆவியில் அவிப்பது.

"தம்பி, இஞ்ச வாரும்" என்றார் அக்கா. அவருடைய கண்ணில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "இது புட்டெல்லே!"

அந்த அம்மாவின் பக்கத்தில் சம்மணமிட்டு இருந்து, கையைக் கழுவிவிட்டு, தட்டத்துக்குள் கையை விட்டார். புட்டுக்கு மாக் குழைக்கிற அதே கை. அந்த அம்மா அக்காவின் விரல்களைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். அக்கா தமிழில் கதைத்தார். அவர் தன் பாஷையில் கதைத்தார். இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள்.

"நாங்கள் இதுக்குத் தேங்காப்பூப் போடுவம் எண்டு சொல்லும் தம்பி."

நான் மகனுக்குச் சொல்ல, மகன் தாய்க்குச் சொன்னான். அம்மா ஏதோ கேட்டார்.

"தேங்காய் எப்படியிருக்கும் என்று கேட்கிறார். அவர் சாப்பிட்டதே இல்லை" என்றான் மகன்.

"ஐயோ பாவம்" என்றார் அக்கா, மனதார.

நாலு மணிக்குக் காற்று அடங்கியது. மணல்மேட்டு முகாமுக்கு இருட்ட முதல் போய்ச் சேர வேண்டும். யூசுப் ஹோர்ன் அடித்தான். எல்லோரும் வானில் ஏறியாகிவிட்டது. நான் ஒரு காலை வானிலும் ஒரு காலை நிலத்திலும் வைத்துக்கொண்டு நேரம் பார்த்தேன். அக்கா வாசலில் அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, "மெர்சி, ஜ ரெவியன்" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினார்.

அம்மா மகனைக் கேட்டார். மகன் ஓடிவந்து என்னைக் கேட்டான்.

"திரும்பி வருவாராமா? வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கா என்று அம்மா கேட்கிறார்."

விளங்கப்படுத்தலாம். தமிழில் இது விடைபெறுகிற சொல், இவர் இனி வரமாட்டார், தயவுசெய்து காத்திருக்காதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் இன்னும் கால் மணித்தியாலம் போகும்.

"ஓம், ஓம்" என்றேன் பிரெஞ்சில். கதவை இழுத்துச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் மணலை விட்டு மேற்கே ஒரு மலைப்பள்ளத்தாக்கைப் பார்க்கப் புறப்பட்டோம். பத்தரை மணியளவில் பெற்றோல் நிலையம் ஒன்றில் வான் நின்றது. யூசுப்புக்குத் தொலைபேசி வந்தது. கதைத்துவிட்டு என்னிடம் வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்த வீட்டுக்காரர்கள். விடியவே கோழி அறுத்துவிட்டார்களாம். மடாம் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்கிறார்கள்."

அந்தக் கிராமம் எங்களுக்குப் பின்னால் இரண்டு மணித்தியால ஓட்டம். திரும்பினால் பள்ளத்தாக்கு போய்விடும். இரவு தங்குகிற ஹோட்டலுக்கும் நேரத்துக்குப் போகமுடியாது. லவால் ஐயா ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் போங்கோ, நான் நடந்தெண்டாலும் போறன் என்று இறங்கி நிற்பார்.

அவர் யன்னலோரத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு முழத் தூரம்தான்.

"என்னவாம் தம்பி?"

"ஒண்டுமில்லை அக்கா. பெற்றோல் விலை கூடிப்போச்சாம்."

பிறகு யூசுப்பிடம் திரும்பி, "வரமாட்டார் என்று சொல்லுங்கள்" என்றேன்.

அவன் தொலைபேசியை என் கையில் தந்தான். நானே சொன்னேன். "இல்லை, அவர் வரவில்லை." "ஆனால் அவர் சொன்னாரே" என்றான் மறுபக்கத்தில் மகன். "மனம் மாறிவிட்டார்" என்றேன். அந்த வீட்டுக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

பள்ளத்தாக்கு நன்றாகத்தான் இருந்தது. அங்கே ஒரு கல்லில் இருந்து அக்கா எனக்கும் பாதித் தோடம்பழம் தந்தார். வாங்கித் தின்றேன்.

கசபிளாங்கா விமான நிலையத்தில் யூசுப் எங்களை இறக்கிவிட்டு ஒவ்வொருவராகக் கைகொடுத்தான். அக்கா அவனுக்கும் தன் வசனத்தைச் சொன்னார். அவனுக்கு மனம் பொறுக்கவில்லைப் போலிருக்கிறது. மெதுவாக, சொல்லுக்குச் சொல் கையால் காட்டிக் காட்டி, அவருக்கு எதையோ சொல்லத் தொடங்கினான். அந்த வீடு. அம்மா. வெள்ளிக்கிழமை. கூஸ்கூஸ். காத்திருந்தார்கள். 'காத்திரு' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அக்காவுக்குத் தெரியும். மொன்றியலில் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது அதுதான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். விமானம் மேலே ஏறி, சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனபிறகு, என் பக்கத்து இருக்கையில் இருந்த மனைவியை எழுப்பி இடம் மாறி வந்து இருந்தார்.

"பெற்றோல் விலை எண்டு சொன்னனீரே, அப்பவோ?"

"ஓம் அக்கா."

"எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருந்தவையாம்?"

"வரமாட்டா எண்டு நான் சொல்லியும் பின்னேரம்வரைக்கும் எண்டு யூசுப் சொன்னவன். எல்லாம் ஆறினாப் பிறகுதான் சாப்பிட்டவையாம்."

முன்னிருக்கையின் முதுகைப் பார்த்தபடி, "நான் அம்மாட்டச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். "கொழும்புக்குப் போட்டு வாறனம்மா எண்டு. கொழும்பிலயிருந்து இஞ்ச. பேந்து பாதையில்லை, சண்டை. பன்ரெண்டு வருசம் படலையைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு அம்மா செத்தவ. அதுக்கு நான் என்ன செய்யிறது? என்ர பிழையில்லை. அது ஒண்டுதான் நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் போகாத இடமா இருந்தது." சால்வையை இழுத்துப் போர்த்தார். "இப்ப ரெண்டு. உமக்குப் பாஷை தெரியும் எண்டுதான் தம்பி நான் வந்தனான்."

கோபித்திருந்தால் நானும் கோபித்திருப்பேன். லொறிக்காரர்களோடு கத்திக் கத்திப் பழகியவன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் பார்த்தேன். நடைவழிக்கு அந்தப் பக்கம் மனைவி இருந்தாள், பின்னால் சென்னைப் பையன்கள் இருந்தார்கள். சொல்லவில்லை.

மொன்றியலுக்கு வந்தபிறகும் அக்கா எங்கள் வீட்டுக்கு வரத்தான் செய்தார். தேத்தண்ணீர் குடித்தார், மனைவியோடு சிரித்துக் கதைத்தார், என்னையும் சுகம் விசாரித்தார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோதான் மனைவி கவனித்தாள்.

"இஞ்சருங்கோ, அக்கா போகேக்க ஒண்டும் சொல்லுறேல்லை" என்றாள்.

உண்மைதான். நான் வீட்டில் இல்லாதபோது மனைவியிடம் வழமைபோலச் சொல்லிவிட்டுப் போவாராம். நான் இருந்தால் பேசாமல் எழும்பி, சப்பாத்தைப் போட்டு, ஒரு வார்த்தை இல்லாமல் கதவைத் திறந்து போய்விடுவார். செத்தவீட்டிலிருந்து போகிற மாதிரி.

பிறகு, இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் கழித்து, அறுபத்தெட்டு வயதில், அக்கா பிரெஞ்சு வகுப்பில் போய்ச் சேர்ந்தார். சென்ட் லோரன்டில் புதிதாக வந்தவர்களுக்காக இலவசமாக நடத்துகிற வகுப்பு. "இனி எனக்கு ஆரும் கதைச்சுத்தரத் தேவையில்லை" என்று மனைவியிடம் சொன்னாராம். பெருந்தொற்று வந்து வகுப்பை மூடியபோது மகள் வாங்கிக் கொடுத்த டப்லெட்டில் படித்தார். யன்னலோரம் அதை வைத்துக்கொண்டு வினைச்சொற்களை உரத்துச் சொல்வது தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் ஒருநாள் கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நேரே என்னிடம்தான் வந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். ஜ ரெவியன் எண்டா, இந்தா உடன வாறன் எண்டாம். எப்பவோ ஒருநாள் வாறதுக்கு ஜ ரெவியன்ட்ரே எண்டு சொல்லவேணுமாம். ரீச்சர் சொன்னவ. சரியோ?"

"சரி அக்கா."

"உமக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. "கேக்கச் சிரிப்பா இருந்தது அக்கா" என்றேன்.

அவர் கொப்பியை மூடினார். தலையை ஆட்டினார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, வழமைபோல ஒன்றும் சொல்லாமல் போனார்.

அடுத்த வசந்தத்தில் இரண்டு கிழமையாக அக்காவைக் காணவில்லை. மனைவியிடம் கேட்டேன். மகளிடம் போயிருப்பார் என்று என் முகத்தைப் பாராமல் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் பண்டகசாலையின் ஏற்றுமேடையில் நின்று லொறிக்காரன் ஒருவனோடு இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தபோது வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. அக்காவின் இலக்கம். திறந்தால் மண்சுவர். பெரிய வட்டத் தட்டம் ஒன்றில் ஆவி பறக்கிற கூஸ்கூஸ், அதன் நடுவில் கோழி, ஒரு கரையில் வெள்ளையாகக் குவித்த தேங்காய்ப்பூ. தட்டத்தைச் சுற்றிப் பத்துப் பேர். அக்கா யூசுப்பிடம் வழி கேட்டுத் தன்னந்தனியே போயிருக்கிறார். விமானம், ரயில், பஸ், கடைசியில் யாரோ ஒருவருடைய கழுதை வண்டி என்று பிறகு அறிந்தேன்.

"தம்பி, தெரியுதோ?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

நாடியில் நீலக் கோடு போட்ட அந்த அம்மா தொலைபேசிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து என்னை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. மகனிடம் ஏதோ கேட்டார். மகன் அக்காவிடம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னான். ஏற்றுமேடையின் இரைச்சலுக்குள்ளும் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அன்றைக்கு எங்களுக்குப் பொய் சொன்ன மனிதர் இவர்தானா என்று அம்மா கேட்கிறார்."

அக்காவுக்கு அது விளங்கியது. விளங்கியது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு விளங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"உம்மைச் சுகமோ எண்டு கேக்கிறா தம்பி."

கண் கலங்கிவிட்டது எனக்கு. லொறிக்காரன் பார்த்துக்கொண்டு நின்றான், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நான் சுகம் எண்டு சொல்லுங்கோ அக்கா."

அக்கா அந்த அம்மாவின் மகன் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத பிரெஞ்சில், "அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்" என்றார்.